அமிலத்திலும் கலையாத மைசெல்: ஹிஸ்டிடின் பாலிமர் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஆயர்_ஈத்தாம்_மாணவி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் முதுகலை ஆய்வு செய்கிறேன். புற்றுநோய் மருந்தைச் சுமந்து போகும் பாலிமர் மைசெல்தான் என் தலைப்பு. மைசெல் என்றால் பாலிமர்ச் சங்கிலிகள் நீரில் தாமாகக் கூடி உருவாக்கும் நுண்ணிய உருண்டை. கையில் இரண்டு அளவீடுகள் இருக்கின்றன, ஒன்று சொல்வதை மற்றது மறுக்கிறது. எதை நம்புவது?

பாலிமரைப் பற்றி முதலில். ஒரு பாதி பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாகப் பெக், மூலக்கூறு எடை 5000. அது தண்ணீரை விரும்பும். மறுபாதி ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சங்கிலியாகக் கோத்தது. இரத்தத்தின் பிஎச் 7.4. அந்த நிலையில் ஹிஸ்டிடின் பாதி தண்ணீரை ஒதுக்கி உள்ளே சுருண்டு மையமாகும், பெக் வெளியே விரிந்து நிற்கும், மருந்து மையத்துக்குள் அடங்கும். கட்டியைச் சுற்றியுள்ள திரவம் இரத்தத்தைவிடச் சற்று அமிலம், பெரும்பாலும் 6.5-க்கும் 7.2-க்கும் இடையில். செல்லுக்குள், அது விழுங்கியதை வைக்கும் நுண்பையான எண்டோசோமுக்குப் போனால் 5.5, 6 என்று இன்னும் இறங்கும். அங்கே ஹிஸ்டிடினில் உள்ள இமிடசோல் வளையம் புரோட்டானை வாங்கி நேர்மின்னேற்றம் பெறும். வளையங்கள் ஒன்றையொன்று தள்ளும், மைசெல் கலையும், மருந்து வெளியே வரும். யூட்டா பல்கலைக்கழகத்தில் யூ ஹான் பே குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வுகளைப் பின்பற்றித்தான் நாங்களும் போகிறோம்.

இப்போது பிரச்சினை. ஒளிச்சிதறலை வைத்துத் துகளின் அளவைக் காட்டும் டிஎல்எஸ் கருவியில் பிஎச் 7.4-இல் மைசெல்லின் விட்டம் சுமார் 120 நானோமீட்டர். 6.8-இல் அதே அளவு. 6.0-இலும் அதேதான். 5.0 வரை இறக்கிப் பார்த்தேன், விட்டம் அசையவே இல்லை. ஆனால் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றி, சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் போட்டு வெளியேற்றத்தை அளந்தால், 7.4-ஐவிட 5.5-இல் தெளிவாகக் கூடுதலாக வருகிறது. "பிஎச் உணர்வு இருக்கிறது, வரைபடமே சொல்கிறது, எழுதத் தொடங்கு" என்கிறார் மேற்பார்வையாளர். மைசெல் கலையவே இல்லை என்றால் மருந்து எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. என் அத்தைக்கு மார்பகப் புற்றுநோய் வந்தபோது இதே டாக்ஸோரூபிசின்தான் ஏற்றினார்கள். அந்தச் சிவப்பு மருந்து குழாயில் இறங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் இதயத்துக்கு எக்கோ எடுத்துவரச் சொன்னார்கள், ஏன் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கோடு மேலே போகிறது என்பது மட்டும் எனக்குப் போதாது. எதனால் போகிறது என்று தெரிய வேண்டும்.

---

சுங்கை_பட்டாணி_ஆய்வகம் எழுதியது:

வணக்கம். பெரிய கேள்விக்குப் போவதற்கு முன் சின்னதாகச் சில.

எந்த பிஎச்சுக்கு எந்த பஃபர் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசல்)? பாஸ்பேட்டின் தாங்குதிறன் 7.2-ஐ ஒட்டிய ஒரு அலகு வரைதான், ஏறக்குறைய 6.2-லிருந்து 8.2. பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) கொஞ்சம் அமிலம் விட்டு 5.0 ஆக்கினால் அது பெயருக்குத்தான் 5.0. ஹிஸ்டிடின் சங்கிலியே ஒரு பஃபர் என்பதால் பாலிமரைப் போட்டதும் பிஎச் மேலே ஏறிவிடும். போட்ட பிறகு குப்பிக்குள் அளந்தீர்களா?

உப்புச் செறிவு எல்லாவற்றிலும் ஒன்றுதானா? வெப்பநிலை என்ன? இமிடசோலின் பிகேஏ, அதாவது பாதி வளையங்கள் புரோட்டானை வாங்கியிருக்கும் பிஎச், ஒரு டிகிரிக்கு 0.02 வீதம் குறையும். ஏர்கோன் போட்ட அறையில் 25 டிகிரியில் பார்ப்பதற்கும் உடம்பின் 37-க்கும் கால் அலகு வித்தியாசம் வந்துவிடும். 7.4-க்கும் 6.8-க்கும் நடுவில் வேலை செய்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, சங்கிலியைக் கோக்கும் மூலப்பொருளான என்சிஏ நன்றாக இருந்ததா? அமினோ அமிலத்தை வளையமாக்கிய அந்த நீரிலிக்குத் தண்ணீர்தான் எதிரி. பினாங்கு ஈரத்தில் குப்பியை ஒரு முறை திறந்து மூடினாலே பாதி வீணாகலாம். சங்கிலி குட்டையாகவும் பல நீளத்திலும் வந்திருந்தால் கதை வேறு.

---

ஆயர்_ஈத்தாம்_மாணவி எழுதியது:

நன்றி. 7.4-லிருந்து 6.5 வரை பாஸ்பேட், 6.0-க்குச் சிட்ரேட், 5.5-க்கும் 5.0-க்கும் அசிடேட். எல்லாவற்றிலும் சோடியம் குளோரைடு 150 மில்லிமோலார். பிஎச்சைப் பாலிமர் கலந்த பிறகு குப்பிக்குள்ளேயே அளக்கிறேன். டிஎல்எஸ் 25 டிகிரியில். 37-இல் ஒருமுறை பார்த்தபோதும் மாற்றமில்லை.

என்சிஏவை நைட்ரஜன் பெட்டிக்குள் வைத்தே எடுத்தேன். சங்கிலிகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜிபிசியில் ஒரே உச்சி, குறுகலாகத்தான் வந்தது. ஹிஸ்டிடினின் வளையத்தை டைநைட்ரோபீனைல் (டிஎன்பி) போட்டு மூடி, பெக்-அமீனில் தொடங்கி டிஎம்எஃப் என்ற கரைப்பானில் வளர்த்தோம். பிறகு மெர்காப்டோஎத்தனாலில் டிஎன்பியை எடுத்துவிட்டு, பிஎச் 8 நீரில் டயாலிசிஸ், அப்புறம் உறைய வைத்து உலர்த்தல். எங்கள் ஆய்வகத்தில் எல்லாரும் பின்பற்றும் செய்முறை இது.

கிடைப்பது பஞ்சு மாதிரி வெளிர் மஞ்சள் தூள். நீரில் போட்டால் இலேசாகப் பால் படர்ந்த மஞ்சள்.

---

செந்தூல்_பாலிமர்காரன் எழுதியது:

தங்கச்சி, மஞ்சள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரி போதும்.

பெக்குக்கு நிறமில்லை. ஹிஸ்டிடினுக்கும் நிறமில்லை. மருந்து ஏற்றாத வெறும் பாலிமர் வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் என்றால் அங்கே நைட்ரோ வளையம் ஒன்று இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஒன்று, டிஎன்பி சங்கிலியை விட்டுப் போகவே இல்லை. அல்லது, மெர்காப்டோஎத்தனாலோடு சேர்ந்து கழன்று வந்த துணைப்பொருள் மையத்துக்குள் சிக்கிக் கிடக்கிறது. இரண்டும் தண்ணீரை வெறுப்பவை, மைசெல்லின் மையம் அவற்றுக்குச் சொந்த வீடு.

முதலாவது என்றால் உங்கள் டிஎல்எஸ் சொன்னது முழு உண்மை. இமிடசோல் வளையத்தில் இரண்டு நைட்ரஜன். ஒன்றை டிஎன்பி பிடித்திருக்கிறது. இன்னொன்று சும்மா இருக்கிறதே, அது புரோட்டானை வாங்காதா என்று கேட்கலாம். வாங்காது. டிஎன்பியில் உள்ள இரண்டு நைட்ரோ குழுக்களும் எலக்ட்ரானை அவ்வளவு பலமாகத் தம் பக்கம் இழுக்கின்றன, அந்த நைட்ரஜனின் காரத்தன்மையே போய்விடுகிறது. 5.0 என்ன, அதற்குக் கீழே போனாலும் அசையாது. பெயர்தான் ஹிஸ்டிடின் மைசெல், உள்ளே இருப்பது அமிலத்தைக் கண்டுகொள்ளாத ஒரு கொழுப்பு உருண்டை.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன், அப்பா பால்மரம் வெட்டினார். மங்கில் வடிந்த பாலைச் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றி, நீர் சேர்த்து, பார்மிக் அமிலம் விட்டுக் கலக்கி, அலுமினியத் தகடுகளை இடையிடையே இறக்குவார்கள். தொட்டி ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஓடிக்கொண்டிருந்த பால் சிறிது நேரத்தில் கட்டிவிடும். ரப்பர்த் துகளின் மேல் புரதமும் பாஸ்போலிப்பிடும் போர்த்தியிருக்கும். அந்தப் போர்வைக்கு எதிர்மின்னேற்றம், அதனால்தான் துகள்கள் ஒட்டாமல் மிதக்கின்றன. பிஎச் 5-ஐ ஒட்டி இறங்கினால் மின்னேற்றம் போய் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். கெட்டுப்போகாமல் நீர்மமாகவே வைத்திருக்க அம்மோனியா விடுவதும் இதே கணக்குதான். பிற்பாடு லேட்டக்ஸ் ஆய்வுக்கூடத்தில் நான் சம்பளம் வாங்கியது முழுக்க இந்த ஒரு விஷயத்துக்காக.

உங்கள் ஹிஸ்டிடின் இதற்கு நேர் எதிர். பாலுக்கு அமிலம் மின்னேற்றத்தைப் பறிக்கிறது, ஹிஸ்டிடினுக்கு அமிலம் மின்னேற்றத்தைக் கொடுக்கிறது. அதனால் அது கட்டுகிறது, இது கரைய வேண்டும். அமினோ அமிலம் எது என்பதை வைத்துத்தான் திசையும் இடமும் தீர்மானமாகும். குளூட்டாமிக் அமிலச் சங்கிலி பிஎச் 5 வாக்கில் மின்னேற்றத்தை இழந்து சுருளாகி ஒதுங்கும், அது பாலின் கட்சி. லைசின் 10-ஐ ஒட்டித்தான் மாறும், உடம்புக்குள் அந்த இடமே வராது. இந்த இரண்டையும் ஒரே சங்கிலியில் கோத்தால் என்ன ஆகும் என்று பிரான்சில் லெக்கோமாந்து குழு 2005-இல் காட்டினார்கள். அமிலத்தில் குளூட்டாமிக் உள்ளே, லைசின் வெளியே. காரத்தில் அப்படியே உள்வெளியாகப் புரண்டுவிடும். படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது அமினோ அமிலங்களில் இரத்தத்துக்கும் கட்டிக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடைவெளியில் மாறுவது ஹிஸ்டிடின் ஒன்றுதான். அதன் வாயை டிஎன்பி கட்டிவைத்திருந்தால் மற்ற எல்லா வேலையும் வீண்.

எப்படிப் பார்ப்பது? தூளைக் கொஞ்சம் டிஎம்எஃபில் கரைத்து, குளிர்ந்த டைஎத்தில் ஈதருக்குள் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாலிமர் படிவாக இறங்கும். சிக்கியிருந்த துணைப்பொருள் ஈதரோடு போய்விடும், அதற்கு 340 நானோமீட்டரை ஒட்டி ஓர் உறிஞ்சல் உண்டு, ஈதர்ப் பகுதியை உலர்த்தி யூவியில் பார்த்தால் தெரியும். படிவு அப்போதும் மஞ்சளாகவே இருந்தால் டிஎன்பி சங்கிலியில்தான் இருக்கிறது.

பிறகு என்எம்ஆர், மூலக்கூறில் உள்ள புரோட்டான்களை உச்சிகளாகக் காட்டும் நிறமாலை. கனநீரில் எடுக்காதீர்கள். மையத்துக்குள் இறுகிக் கிடக்கும் சங்கிலியின் உச்சிகள் அங்கே அகன்று மறைந்துபோகும், பெக் மட்டும் அழகாகத் தெரியும், எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடுவீர்கள். டியூட்டீரியம் ஏற்றிய டிஎம்எஸ்ஓ கரைப்பானில் எடுங்கள், அமிலம் சேர்க்காமல். அமிலம் சேர்த்தால் இமிடசோலின் புரோட்டான் ஒன்று நிறமாலை அளவுகோலில் 9-ஐ நோக்கி நகர்ந்து வந்து குழப்பும். இரண்டு நைட்ரோவுக்கும் நடுவே உள்ள டிஎன்பி புரோட்டான் அந்த 9-ஐ ஒட்டிய இடத்தில்தான் நிற்கும். பெக் 5000-இல் ஏறக்குறைய 114 அலகுகள், அலகுக்கு நான்கு புரோட்டான், 3.5-இல் உள்ள அந்த உச்சியை 456 என்று வைத்துக்கொண்டு டிஎன்பியை எண்ணுங்கள். எத்தனை வளையம் மூடியிருக்கிறது என்று நேராகவே வந்துவிடும்.

டிஎல்எஸ் பற்றியும் ஒன்று. விட்டத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. ஒளிச்சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 120 நானோமீட்டர் துகள் ஒன்று 10 நானோமீட்டர் துகளைவிட ஏறக்குறைய 3 மில்லியன் மடங்கு சிதறடிக்கும். மைசெல்லில் பெரும்பகுதி கரைந்துபோய்க் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் கருவி 120 என்றே காட்டும். கவுண்ட் ரேட்டை, அதாவது சிதறி வரும் மொத்த ஒளியின் அளவை, பாருங்கள். அது விழுகிறதா?

ஒரு கேள்வி. மெர்காப்டோஎத்தனாலை எந்தக் கரைப்பானில் போட்டீர்கள்?

---

செராஸ்_மருந்தாளர் எழுதியது:

நான் மருத்துவமனை மருந்தாளர், பாலிமர் செய்பவள் இல்லை. ஆனால் டாக்ஸோரூபிசினை நன்றாகத் தெரியும். மாணவியின் இரண்டாவது அளவீட்டுக்கு என்னிடம் பதில் இருக்கிறது.

5.5-இல் கூடுதலாக வந்தது மருந்தின் குணம். மைசெல்லின் குணமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. டாக்ஸோரூபிசினின் சர்க்கரைப் பாகத்தில் ஓர் அமீன் இருக்கிறது, பிகேஏ 8-ஐத் தாண்டி. மைசெல்லுக்குள் ஏற்றும்போது ட்ரைஎத்திலமீன் போட்டு உப்பை நீக்கி, எண்ணெய்த்தன்மையுள்ள வடிவமாக்கித்தானே உள்ளே அனுப்பியிருப்பீர்கள்? அமிலம் கூடக் கூட அந்த வடிவம் அருகிப்போய், மின்னேற்றம் உள்ள, நீரில் நன்றாகக் கரையும் வடிவம் மிகும். எந்த மைசெல்லில் வைத்தாலும், பிஎச் உணர்வே இல்லாத பாலிமரில் வைத்தாலும், 5.5-இல் வேகமாகத்தான் வெளியே வரும். இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் "பிஎச் உணர்வு" என்று எழுதப்படும் கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வரும், மன்னிக்கவும்.

சந்தையில் இருக்கும் டாக்ஸில் மருந்து இதே அமீனை வைத்துத்தான் வேலை செய்கிறது. அமெரிக்க எஃப்டிஏ 1995-இல் அனுமதித்தது. அது மைசெல் இல்லை, கொழுப்புப் படலத்தால் ஆன நுண்பை, லிப்போசோம். உள்ளே அம்மோனியம் சல்பேட்டை வைத்துவிட்டால், வெளியிலிருந்து மின்னேற்றமில்லாமல் நுழையும் டாக்ஸோரூபிசின் உள்ளே புரோட்டானை வாங்கிச் சல்பேட்டோடு சேர்ந்து படிகமாகிவிடும், எளிதில் திரும்ப வராது.

உங்கள் அத்தைக்கு எக்கோ எடுத்ததன் காரணமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாழ்நாள் மொத்த அளவு சதுர மீட்டருக்கு 550 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டினால் இதயச் செயலிழப்பு அபாயம் செங்குத்தாக ஏறும். பல இடங்களில் 450-லேயே நிறுத்திவிடுவோம். மருந்து கட்டியில் மட்டும் இறங்க வேண்டும் என்று நாங்கள் தவிப்பது அதனால்தான்.

அமினோ அமிலப் பாலிமர் மைசெல்கள் நோயாளிகள் வரை வந்தவைதான். ஜப்பானில் கட்டாவோக்கா குழுவின் வழியில் பெக்கும் அஸ்பார்டிக் அமிலமும் சேர்த்துச் செய்த என்கே105, பாக்ளிடாக்சல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்தைச் சுமந்தது. மார்பகப் புற்றுநோயில் மூன்றாம் கட்டச் சோதனை வரை போனது. சாதாரண பாக்ளிடாக்சலுக்குக் குறைந்ததல்ல என்று நிரூபிக்கும் இலக்கை எட்டவில்லை. ஆனால் விரல் மரத்துப்போகும் நரம்புத் தொல்லை குறைவாக இருந்தது. வார்டில் நின்று பார்ப்பவளுக்கு அந்த இரண்டாவது முடிவும் பெரிதுதான். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று சொல்லும் நோயாளிகளை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.

மருந்தையே சங்கிலியில் ஹைட்ரசோன் பிணைப்பால் கட்டிவிடும் வழியையும் அதே குழு 2003-இல் வெளியிட்டது. அந்தப் பிணைப்பு 7.4-இல் நிற்கும், எண்டோசோம் அமிலத்தில் அறுபடும். அங்கே பாலிமர் கலைகிறதா என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடும், பிணைப்பு அறுகிறதா என்பதுதான் கேள்வி. உங்கள் வழி 6.8-ஐக் குறிவைப்பது, அதைவிட நுணுக்கமானது. அதனால் ஆதாரமும் அவ்வளவு கறாராக இருக்க வேண்டும்.

---

ஆயர்_ஈத்தாம்_மாணவி எழுதியது:

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்றுதான் காத்திருந்தேன்.

அண்ணே, ஈதரில் இறக்கியபோது மேலே நின்ற ஈதரும் கொஞ்சம் மஞ்சளானது, கீழே இறங்கிய படிவும் மஞ்சளாகவே இருந்தது. வடிகட்டித் திரும்பவும் கழுவினேன். ஈதர் தெளிந்துவிட்டது, படிவின் நிறம் போகவில்லை. டிஎம்எஸ்ஓவில் என்எம்ஆர் எடுத்தேன், 9-ஐ ஒட்டி நீங்கள் சொன்ன இடத்திலேயே அந்த உச்சி. எண்ணிப் பார்த்தால் ஹிஸ்டிடின் வளையங்களில் பாதிக்கு மேல் மூடியே இருக்கிறது. பழைய நிறமாலையையும் எடுத்துப் பார்த்தோம். அது கனநீரில் எடுத்தது, அதில் பெக் மட்டும்தான் தெரிகிறது.

கவுண்ட் ரேட் 7.4-லிருந்து 6.0 வரை விழவில்லை. 5.0-இல் மட்டும் கொஞ்சம்.

மெர்காப்டோஎத்தனாலை பிஎச் 8 பஃபரில் போடுவதுதான் எங்கள் செய்முறை. அக்கா சொன்னதுபோல ட்ரைஎத்திலமீன் போட்டுத்தான் மருந்தை ஏற்றினோம். மேற்பார்வையாளரிடம் இந்தப் பக்கத்தையே காட்டினேன். அமைதியாக முழுவதும் படித்தார், கட்டுரையை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். இதே பாலிமரைத் திரும்ப எடுத்து மிச்ச டிஎன்பியை நீக்க முடியுமா, அல்லது முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

---

செந்தூல்_பாலிமர்காரன் எழுதியது:

முதலிலிருந்து வேண்டாம். சங்கிலி நன்றாகத்தான் இருக்கிறது.

பிஎச் 8 நீரில் போட்டதும் பாலிமர் மைசெல்லாகச் சுருண்டுவிட்டது. டிஎன்பி எல்லாம் மையத்துக்குள். வெளியே தண்ணீரில் நிற்கும் மெர்காப்டோஎத்தனால் ஓரத்தில் எட்டியதை மட்டும் கழற்றிவிட்டு நின்றுவிட்டது. டிஎம்எஃபில் செய்யுங்கள், அங்கே சங்கிலி முழுக்க விரிந்து கிடக்கும். மூடிய வளையங்களின் எண்ணிக்கைக்குப் பல மடங்கு மெர்காப்டோஎத்தனால், கொஞ்சம் ட்ரைஎத்திலமீன், நைட்ரஜன் ஓட்டத்தில். மெர்காப்டோஎத்தனாலில் உள்ள தையால் என்ற கந்தகக் குழு காற்று பட்டால் இரண்டிரண்டாக இணைந்து வீணாகும். நடுவில் சிறிது எடுத்து ஈதரில் இறக்கிப் பாருங்கள், படிவு வெள்ளையாகும்வரை விடுங்கள்.

டயாலிசிஸையும் மாற்றுங்கள். நேராக பிஎச் 8-க்குப் போகாமல், முதலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், 0.01 மோலார் போதும். அங்கே ஹிஸ்டிடின் மின்னேற்றத்தோடு திறந்து நிற்கும், உள்ளே எதுவும் ஒளிந்துகொள்ள இடமிருக்காது. சுத்தமான பிறகு மெல்ல மெல்ல பிஎச்சை ஏற்றி மைசெல் ஆக்குங்கள்.

பிறகு 7.4-லிருந்து கீழே 0.2 அலகு இடைவெளியில் கவுண்ட் ரேட். ஒரே இடத்தில் சட்டென்று விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு வளையம் மின்னேற்றம் பெற்றதும் பக்கத்து வளையத்துக்குப் புரோட்டானை வாங்குவது கடினமாகும், அதனால் சரிவு நீண்டுதான் வரும். பே குழுவினரே தங்கள் ஹிஸ்டிடின் மைசெல் இரத்த பிஎச்சிலேயே போதுமான உறுதியோடு நிற்காததால் பெக்-பாலிலாக்டிக் அமிலத்தைக் கலந்து செய்தார்கள். உங்களுக்கும் அந்தத் தேவை வரலாம். கனநீர் என்எம்ஆர் அப்போது உதவும்: பிஎச் இறங்க இறங்க, மறைந்திருந்த இமிடசோல் உச்சிகள் வெளியே தலைகாட்ட வேண்டும்.

கையில் இருக்கும் மஞ்சள் தூளில் ஒரு பகுதியை மட்டும் இப்படி மாற்றுங்கள். மிச்சத்தைக் குப்பியில் அடைத்து, தேதி எழுதி, குளிரில் பத்திரப்படுத்துங்கள். மருந்தாளர் அக்கா சொன்னதைச் சோதிக்கும் ஒப்பீடு அதுதான். அதே பெக், அதே சங்கிலி நீளம், பாதிக்கு மேல் வளையம் மூடியது. இரண்டிலும் ஒரே நாளில் டாக்ஸோரூபிசின் ஏற்றி 7.4, 6.8, 5.5 மூன்றிலும் வெளியேற்றத்தை அளங்கள். மஞ்சளில் வருவதில் பெரும்பகுதி மருந்தின் சொந்தக் கரைதிறன். வெள்ளையில் அதற்கு மேல் எவ்வளவு வருகிறதோ, அது ஹிஸ்டிடின் செய்தது.